ஓர் அஞ்சலட்டையும் ஒரு வானத்துக் கல்லும்

(பதினோராம் வகுப்பு மாணவியர் நால்வர்)

சென்ற ஆண்டு நம் பள்ளியில் நடைபெற்ற அறிவியல் கண்காட்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கீழ்த்தள வராந்தாவில், குடிநீர்க் குழாய்க்கு அடுத்த மேசையில், 'விண்ணிலிருந்து வந்த விருந்தினர்' என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டிவிட்டு நான்கு பேர் நின்றிருந்தோமே, அவர்கள்தாம் நாங்கள். எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் டப்பா. அந்த டப்பாவில் இன்றுவரை நாங்கள் ஒருவரும் சாதம் கொண்டு வந்ததில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறோம்.

எங்கள் மேசையில் எல்லோரையும் இழுத்தது ஒரு படம் போட்ட அஞ்சலட்டை. கறுத்த, பெரிய, பானை கவிழ்த்தாற்போன்ற ஓர் இரும்புக் கல். அதன் மேலே ஆழமான குழிகள். இரண்டு குழிகளில் இரண்டு சிறுவர்கள் தொட்டிலில் உட்கார்ந்தாற்போல் உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் கண்டெடுக்கப்பட்ட வில்லமெட் விண்கல் அது. எடை பதினைந்தரை டன். நியூயார்க் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1906ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. விண்கல் என்றாலே உலகத்தார் பலருக்கும் நினைவில் எழுவது இந்த உருவந்தான்.

அட்டை எங்களில் ஒருத்தியின் தாத்தாவுடையது. தாத்தா மதுரை ஆர்.எம்.எஸ்ஸில் தபால் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அண்ணன் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குப் போனவர். துறைமுகந்தோறும் ஓர் அட்டை அனுப்புவாராம். அந்த அட்டைகளையெல்லாம் தாத்தா ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் வைத்திருந்தார். கண்காட்சிக்குத் தேவை என்று பேத்தி கேட்டதும், தேடி எடுத்து, கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். "பின்பக்கம் பத்திரம்மா" என்று மட்டும் சொன்னாராம். அதை எங்கள் தோழி எங்களிடம் சொல்ல மறந்தாளா, சொல்லி நாங்கள் காதில் வாங்கவில்லையா என்பதில் இன்னமும் எங்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு.

அந்தக் கல்லின் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் பார்க்க வந்த பெற்றோர்கள் நகரமாட்டார்கள். 1902ஆம் ஆண்டு எல்லிஸ் ஹியூஸ் என்ற குடியானவர் காட்டில் அதைக் கண்டார். கல் கிடந்த நிலமோ ஓர் இரும்புக் கம்பெனிக்குச் சொந்தம். மனிதர் யாருக்கும் தெரியாமல் மரக்கட்டைகளால் ஒரு வண்டி செய்து, தம் பதினைந்து வயது மகனையும் ஒரு குதிரையையும் துணைக்கு வைத்துக்கொண்டு, தொண்ணூறு நாள் பாடுபட்டு, முக்கால் மைல் தொலைவிலிருந்த தம் நிலத்துக்கே அதை நகர்த்திக் கொண்டுவந்து விட்டார்! பிறகு கொட்டகை போட்டு, தலைக்கு 25 சென்ட் கட்டணம் வாங்கிக் காட்டவும் செய்தார். பதினைந்தரை டன் கல்லைத் திருடியவர் உலகத்தில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று நாங்கள் கேட்கும்போது கூட்டம் கொல்லென்று சிரிக்கும். கல் இழுபட்ட தடத்தைக் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். வழக்கு நடந்தது. 1905இல் ஆரிகன் உச்ச நீதிமன்றம் கல் கம்பெனிக்கே சொந்தம் என்று தீர்ப்பளித்தது.

ஆனால் அவர்களுக்கெல்லாம் முன்னரே கிளாக்கமாஸ் என்ற பழங்குடி மக்கள் அக்கல்லை 'டொமானவோஸ்' என்று அழைத்துப் போற்றி வந்தார்கள். குழிகளில் தேங்கும் மழைநீரைப் புனிதமாகக் கருதி முகத்தில் தெளித்துக் கொள்வார்களாம். வேட்டைக்குப் போகுமுன் அம்பு முனைகளை அதில் நனைப்பார்களாம். 2000ஆம் ஆண்டில் அருங்காட்சியகத்தார் அம்மக்களின் வழித்தோன்றல்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். கல் நியூயார்க்கிலேயே இருக்கும். ஆண்டுக்கொரு முறை அவர்கள் வந்து தங்கள் சடங்கைச் செய்து போவார்கள்.

இவ்வளவும் எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அட்டையின் முன்பக்கத்தைப் பற்றி எங்களைக் கேட்டால் மழையாகப் பொழிவோம். பின்பக்கத்தில் என்ன இருந்தது என்பதைத்தான் நாங்கள் ஒருவரும் பார்க்கவே இல்லை.

கண்காட்சிக்கு முதல் நாள் மாலை, மணி ஆறாகிவிட்டது. படத்தின் நான்கு மூலைக்கும் காகித முக்கோணம் செய்து அதில் செருகச் சொல்லியிருந்தார் சிஸ்டர். அதற்குப் பொறுமை யாருக்கு இருந்தது? மைதாப் பசை ஒரு கிண்ணம் காய்ச்சி வைத்திருந்தோம். அதைப் பூசி ஒரே அழுத்தாக அழுத்தி ஒட்டிவிட்டோம். மூன்றாம் நாள் அட்டையைப் பெயர்க்கும்போது பின்பக்கம் தோலுரிந்தாற்போல் சார்ட்டோடு போய்விட்டது. தண்ணீர் தொட்டுப் பார்த்தோம். நீலமை கரைந்து இன்னும் மோசமாயிற்று. அட்டையில் மிஞ்சியது மேலே 'அன்புத் தம்பிக்கு' என்பதும், நடுவில் 'மழை' என்ற ஒரு சொல்லும், பாதித் தபால்தலையும்.

"அவள்தான் பசை காய்ச்சினாள்", "இவள்தான் அழுத்தினாள்" என்று சிஸ்டர் முன்னால் நின்று முறையிட்டோம். சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "இதை எனக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது? யாருடைய அட்டையோ அவரிடம் போய்ச் சொல்லுங்கள்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆரப்பாளையத்தில் அவர்கள் வீட்டுக்கு நால்வரும் போனோம். தாத்தா அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்பத்தா எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தார்; தொண்டையில் இறங்கவில்லை. பிறகு தாத்தாதான் சொன்னார்:

"என்ன எழுதியிருந்தான்னு எனக்கு மனப்பாடம்மா. 'இங்கே வேடிக்கை பார்க்கப் போனேன், வானத்திலிருந்து விழுந்த கல்லாம், நம்ம ஊர் வைக்கோல்போர் அத்தனை பெரிசு. ஊரில் மழை உண்டா, கண்மாய்க்குத் தண்ணி வந்ததா, எழுது.' அம்புட்டுத்தான். அறுபத்தெட்டாம் வருசம். நான் பதில் போட்டேன். அது போய்ச் சேர்றதுக்குள்ள அண்ணன் தவறிட்டான். வாசகம் எங்கேயும் போகல. அவன் கையெழுத்துத்தான் போயிருச்சு."

கடைசி அட்டை அது என்று எங்கள் தோழிக்கே அன்றுவரை தெரியாது.

போனதைத் திருப்பித் தர எங்களால் ஆகாது. ஆனாலும் ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அதே படம் போட்ட வேறோர் அட்டையை வாங்கிக் கொடுக்கலாம் என்றாள் ஒருத்தி. அது கடையில் வாங்கிய பொருளாகத்தானே இருக்கும்? அப்போது இன்னொருத்தி, "தாத்தாவுக்குச் சொந்த ஊர் கமுதிப் பக்கந்தானே? நம் நாட்டில் விண்கல்லே விழவில்லையா என்ன?" என்று கேட்டாள். பள்ளிக் கணிப்பொறி அறையில் உட்கார்ந்து இந்தியாவில் விழுந்த விண்கற்களின் பட்டியலைப் பார்க்கத் தொடங்கினோம்.

பட்டியல் நீளமானது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 12ஆம் நாள் சூளகிரியில் விழுந்தது உண்டு. நூறு கிலோவுக்கு மேல். 1886இல் தென்னாற்காட்டில் நம்மியந்தல் என்று ஒன்று. அவற்றோடு 'பார்னல்லி' என்று ஒரு பெயர். அப்படி ஓர் ஊர் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? அயர்லாந்தாக இருக்கும் என்று தள்ளிவிடப் பார்த்தோம். ஆனால் 'மதுரை ஜில்லா' என்று போட்டிருந்தது! அருகே இடக்குறிப்பு: வடக்கே 9 பாகை 14 கலை, கிழக்கே 78 பாகை 21 கலை. பூகோள டீச்சரிடம் பெரிய நிலப்படத்தை இரவல் வாங்கி, அடிக்கோல் வைத்து இரண்டு கோடுகள் இழுத்தோம். கோடுகள் சந்தித்த இடத்தில், கமுதிக்கும் சாயல்குடிக்கும் இடையே, பெருநாழி என்று எழுதியிருந்தது.

பெருநாழி, பெருநாளி, பார்னல்லி! வெள்ளைக்காரர் வாயில் நுழைந்து வெளியே வந்தபோது ஊர் இப்படி ஆகியிருக்கிறது. விண்கல்லுக்கு விழுந்த ஊரின் பெயரையே, பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் தபால் நிலையம் உள்ள ஊரின் பெயரையே, வைப்பது நெடுநாள் வழக்கம். ஆகவே உலகத்து அருங்காட்சியகங்களிலெல்லாம் பெருநாழியின் பெயர் இருக்கிறது, பெருநாழிக்காரருக்கே அடையாளம் தெரியாத வேடத்தில்.

1857ஆம் ஆண்டு பிப்ரவரி 28, சனிக்கிழமை, நண்பகல். மீரத்தில் சிப்பாய்கள் எழுவதற்கு ஏறக்குறையப் பத்து வாரம் இருந்தது. மதுரைக்கு இரயில் வரவில்லை. இராமநாதபுரம் தனி ஜில்லாவாக ஆனது 1910இல்தான். அன்றைக்கு அந்தச் சீமை முழுதும் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது. பட்டப்பகலில் வானம் வெடித்தாற்போன்ற ஓசை எழுந்து, சற்றுத் தொலைவு தள்ளித் தள்ளி இரண்டு கற்கள் விழுந்தன. பெரியது ஏறக்குறைய 61 கிலோ. சிறியது 17 கிலோ. மாசி மாதம், பருத்தி வெடித்து எடுக்கும் நாள். கரிசலில் குனிந்து நின்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள் என்று நாங்களாக எண்ணிக்கொண்டோம்.

அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எச்.எஸ். டெய்லர் என்ற பாதிரியார் அப்போது அருப்புக்கோட்டைப் பக்கத்து மண்டபசாலையில் இருந்து பணியாற்றி வந்தார். கற்களைப் பற்றிய செய்தியை எழுதி அனுப்பி உலகுக்குத் தெரிவித்தவர் அவரே. சிறிய கல் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து வெஸ்டர்ன் ரிசர்வ் கல்லூரிக்குப் போயிற்று. பெரிய கல் லண்டன் சேர்ந்தது. அங்கே பிரிட்டிஷ் மியூசியத்தின் கனிமப் பகுதிக்கு அதே 1857இல் பொறுப்பேற்றவர் நெவில் ஸ்டோரி மாஸ்கலின். விண்கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்து ஆராய முன்வந்த முதல் சிலரில் அவரும் ஒருவர். அப்படி அவர் ஆராய்ந்தவற்றில் நம் பெருநாழிக் கல்லும் உண்டு.

அந்தச் சீவலின் படத்தைப் பார்த்தபோது எங்களுக்கு உடனே தோன்றியது ஜவ்வரிசி வடாம். மாவில் ஜவ்வரிசி பதிந்து கிடப்பதுபோல் கல் முழுவதும் சின்னச் சின்ன உருண்டைகள். சூரியன் புதிதாகத் தோன்றியபோது அதைச் சுற்றிச் சுழன்ற தூசி உருகித் துளித்துளியாகி, வெகு விரைவில் இறுகி உண்டான மணிகள் இவை. வயது சுமார் 456 கோடி ஆண்டுகள். பூமியையும் விட மூத்தவை. பல விண்கற்களில் இம்மணிகள் பிறகு ஏறிய வெப்பத்தால் மங்கிக் குழம்பிவிடும். பெருநாழிக் கல் அவ்வளவாகச் சுடாமல் தப்பிய இனம், விஞ்ஞானிகள் எல்.எல். 3.6 என்று வகைப்படுத்துகிறார்கள். அதனால்தான் நூற்றறுபது ஆண்டுகள் ஆகியும் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள். வில்லமெட்டைப்போல் அதன்மேல் ஏறி உட்காரமுடியாது, ஆனால் கதை சொல்வதில் அதைவிடக் கெட்டி.

ஆனால் எங்களுக்கு ஒரு குறை. வில்லமெட்டின் கதையில் ஹியூசின் பெயர் இருக்கிறது, கிளாக்கமாஸ் மக்கள் சூட்டிய பெயர் இருக்கிறது. பிரான்சில் என்சிஸ்ஹைம் என்ற ஊரில் 1492 நவம்பர் 7ஆம் நாள் கோதுமை வயலில் ஒரு கல் விழுந்தது. ஒரு சிறுவன் கண்ணால் கண்டான் என்று அன்றே எழுதி வைத்துவிட்டார்கள். கல்லை ஊர்க் கோயிலுக்குள் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்தார்கள்; இன்றும் அந்த ஊரிலேயே இருக்கிறது. பெருநாழிக் கதையில் நாங்கள் படித்த பெயர்களெல்லாம் அதைப் பெற்றவர்கள், அனுப்பியவர்கள், ஆராய்ந்தவர்களின் பெயர்களே. முதலில் ஓடிப்போய்ப் பார்த்தவர் பெயர் எங்கள் கண்ணில் படவில்லை. அட்டையின் முன்பக்கம் நன்றாக இருக்கிறது, பின்பக்கத்தை யாரோ பசை போட்டு ஒட்டிவிட்டார்கள் என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில், அறிவியல் டீச்சரும் தோழியின் தந்தையும் துணைவரப் பெருநாழிக்குப் புறப்பட்டோம். அருப்புக்கோட்டை தாண்டியதும் இரு பக்கமும் கரிசல். கண்ணுக்கு எட்டியவரை வேலிக்கருவையும் பனையும். அவ்வாண்டு ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. சாலையோரத்தில் மிளகாய்ச் செடிகள் தலை நிமிர்ந்து நின்றன. கமுதியில் பேருந்து மாறி, பெருநாழியில் இறங்கும்போது பசி வேளை.

கல் விழுந்த இடம் இதுவென்று காட்ட அங்கே ஒன்றும் இல்லை. தேநீர்க் கடையில் விசாரித்தோம். "கல்லா? எந்தக் கல்லு? கோயில் கல்லா?" என்றார்கள். ஒரு பாட்டி, "தங்கம் கிங்கம் இருந்துச்சா அதுல?" என்று எங்கள் பக்கம் குனிந்து இரகசியமாகக் கேட்டார். இல்லை என்றதும் சுவாரசியம் போய்விட்டது. பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்க பாட்டன் பூட்டன் காலத்துல வானத்துலருந்து என்னென்னமோ விழுந்திருக்கும் தாயி. மழையைத் தவிர" என்றார். கடை முழுவதும் சிரித்தது. லண்டனில் இருக்கும் கல்லின் படத்தை அவரிடம் காட்டினோம். கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நம்ம ஊருதானா? பேரு போட்டிருக்கானா?" என்று கேட்டார். பேரை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று படித்துக் காட்டினோம். இரண்டு முறை அவரும் சொல்லிப் பார்த்தார்.

இனி எங்கள் அட்டைக்கு வருகிறோம். அதை முன்பே தயார் செய்து கொண்டு போயிருந்தோம். தடித்த வெள்ளை அட்டையை அஞ்சலட்டை அளவுக்கு வெட்டி, முன்பக்கம் அந்தச் சீவலின் படத்தை வண்ணப் பென்சிலால் வரைந்திருந்தோம். மணி மணியாக வரைய ஒரு வாரம் பிடித்தது. அடியில் 'பெருநாழி விண்கல், 28.2.1857' என்று தமிழில் எழுதினோம். தாத்தா தபால்காரர் அல்லவா, தேதியில் பிழை கண்டுபிடித்துவிடுவார் என்று மும்முறை சரிபார்த்தோம். இந்தியாவில் முதல் அஞ்சலட்டை வந்ததே 1879 ஜூலை 1ஆம் தேதியில்தான் என்று எங்களுக்குச் சொன்னவர் அவர். கல் விழுந்த அன்று அதைக் கார்டில் எழுதிப்போட யாராலும் முடிந்திருக்காது.

பின்பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தோம். அதைப் பெருநாழியில் உட்கார்ந்து எழுதவேண்டும் என்று எண்ணம். ஊர்க் கண்மாயைப் போய்ப் பார்த்தோம். கரையில் நின்றவர்களிடம் எந்த மடை வரைக்கும் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டோம். பிறகு தபால் நிலையத் திண்ணையில் அமர்ந்து, கையெழுத்து நன்றாக உள்ளவள் எழுத, மற்ற மூவரும் சொல்லச் சொல்ல, நான்கு பேரும் கையொப்பமிட்டோம். தபால்தலை ஒட்டும்போது எல்லோரும் பசையைப் பார்த்தோம்; பேசாமல் நாக்கில் நனைத்து ஒட்டிவிட்டோம். முத்திரையைச் சற்று அழுத்திக் குத்தித் தருமாறு தபால் நிலையத்து அம்மாவிடம் கேட்டதும், அவர் மை தொட்டு ஒரு பழைய தாளில் குத்திப் பார்த்துவிட்டு, பிறகு எங்கள் அட்டையில் குத்தினார்.

நான்காம் நாள் அட்டை ஆரப்பாளையம் வந்து சேர்ந்தது. சேதி கேட்டு நாங்கள் ஓடினோம். படத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று ஆவலோடு நின்றோம். தாத்தா படத்தைப் பார்க்கவே இல்லை! அட்டையைத் திருப்பி, பூதக்கண்ணாடியை எடுத்து முதலில் முத்திரையைப் பார்த்தார்.

"சுத்தமா விழுந்திருக்கு. இந்த ஊர்ப் பையை எத்தனை தரம் கட்டியிருப்பேன்" என்றார்.

பிறகு கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, நாங்கள் எழுதியிருந்ததை உதடு அசைய மெல்லப் படித்தார். ஊரில் நல்ல மழை. கண்மாய் நிறைந்திருக்கிறது. கலுங்கில் தண்ணீர் போகிறது.

"கலுங்கு போகுதா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். "நீங்களே பாத்தீகளா?"

பார்த்தோம் தாத்தா என்றோம்.

அப்பத்தாவைக் கூப்பிட்டு அந்த வரியை மட்டும் இன்னொரு முறை உரக்கப் படித்துக் காட்டினார். பிறகு எழுந்துபோய்ப் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, பின்பக்கம் உரிந்துபோன அந்த அட்டையை எடுத்து, அதனடியில் இதை வைத்து மூடினார்.